மைலோ வேண்டாம், கோப்பி

என் சித்தி மகனுக்கு மைலோ பிடிக்காது. ஆனாலும் பள்ளிக் காலத்திலிருந்து வெளியே போனால் அவன் குடித்தது மைலோதான். ‘மை’ என்று சொல்ல இரண்டு உதடும் சேர்ந்து பிரிந்தால் போதும், அது அவனுக்கு வரும். அவன் விரும்பியதோ கோப்பி ஓ கோசோங் பெங். பாலும் சீனியும் இல்லாத, ஐஸ் போட்ட கோப்பி. அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எத்தனை ‘க’! ஒவ்வொன்றுக்கும் நாக்கின் பின்பகுதி எழுந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும். அவன் நாக்கு அவ்வளவு சொல்பேச்சு கேட்காது. கடைக்காரர் “என்ன, என்ன?” என்பார், பின்னால் நிற்பவர் கைபேசியிலிருந்து தலைதூக்கிப் பார்ப்பார், இவன் மைலோ என்று முடித்துக்கொள்வான்.

இதை அவன் என்னிடம் சொன்னதே போன ஆண்டுதான். அதுவரை குடும்பத்தில் எல்லாருமே அவனுக்கு மைலோ என்றால் உயிர் என்று நினைத்திருந்தோம். பிறந்தநாளுக்கு மைலோ டின் வாங்கிக் கொடுத்த மாமாகூட உண்டு.

அவனுக்கு வயது 26. பெருமூளை வாதத்துடன் பிறந்தவன். பெயர் போட வேண்டாம் என்றதால் ‘தம்பி’ என்றே எழுதுகிறேன். அச்சுக்குப் போகுமுன் முழுவதையும் படித்து இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னான்.

பெருமூளை வாதம் என்றதும் சிலர் முதியவர்களுக்கு வரும் பக்கவாதத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்படும் சேதம். தொற்றாது. தம்பி 28 வாரத்திலேயே பிறந்துவிட்டான். குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். அவன் கைகால் தசைகள் எப்போதும் முறுக்கேறியே இருக்கும். பெருமூளை வாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வருக்கு இந்த இறுக்க வகைதான். மூளையில் பட்ட சேதம் வயதாக ஆகக் கூடுவதில்லை. ஆனால் முறுக்கேறிய தசைகள் வருடக்கணக்காக இழுத்து இழுத்து இடுப்பையும் மூட்டுகளையும் பதம் பார்த்துவிடும். மற்றவர்களுக்கு ஐம்பதில் வரும் வலி இவனுக்கு இருபதிலேயே வந்துவிட்டது.

அறிவுக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவதுதான் நம்மவர்கள் அடிக்கடி செய்வது. இந்நிலை உள்ள சிலருக்குக் கற்றலிலும் சிரமம் இருக்கும், பலருக்கு இருக்காது. தம்பி பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்து டிப்ளோமா வாங்கியவன். பேசுவதற்கும் தசைதான் வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சொல்ல வேண்டிய வாக்கியம் அவன் மனத்தில் தயாராக இருக்கும். உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு எல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துழைத்தால்தான் அது வெளியே வரும். ‘ழ’ அவனுக்கு வரவே வராது. வானொலியில் எங்களில் சிலருக்கே வராது என்பதால், அதை அவன் குறையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

அவன் நாள் காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்கு வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. பிறகு ஏன் ஐந்தரை? இரவெல்லாம் ஒரே நிலையில் கிடந்த கால்கள் காலையில் மரக்கட்டையாக இருக்கும். சித்தி ஒவ்வொரு காலாகப் பிடித்து, மெல்ல நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி இருபது நிமிடம் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் தசை இன்னும் இறுகிக்கொள்ளும். பிறகு தூக்கிக் குளியல் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். குளியல், உடை, மறுபடி தூக்கிச் சக்கர நாற்காலி. தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வைத்தால் அவனே எடுத்துச் சாப்பிடுவான், அதற்கு அரைமணி நேரம். ஊட்டினால் எட்டு நிமிடத்தில் முடியும். ஊட்டக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவன் அவன்தான், பன்னிரண்டு வயதில். கடைசியில் தசை இறுக்கத்தைக் குறைக்கும் மாத்திரை. அது தூக்கத்தையும் கூட்டிக்கொண்டு வரும் என்பதால், பத்து மணிக் கூட்டத்தில் கொட்டாவி விடாமல் இருப்பது தனிப் போராட்டம்.

வேலை என்ன என்று கேட்பீர்கள். நிறுவனங்களின் இணையத்தளங்களைச் சோதிப்பது. மவுசைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்ப முடிகிறதா என்று பார்ப்பான். கை நடுங்குபவர்கள், கண் தெரியாதவர்கள் எல்லாருக்கும் அது தேவை. அவன் விசைப்பலகையின்மேல் துளைபோட்ட ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். கை நழுவினாலும் பக்கத்து எழுத்தில் விரல் படாது. வலது கை நடுவிரல் மொளியால் தட்டுவான். “உங்க நிலையத்து இணையப் பக்கத்தை நான் பாஸ் பண்ண மாட்டேன்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

“அப்படியென்றால் கடையிலும் கைபேசியில் தட்டிக் காட்டலாமே, எதற்குப் பேசிச் சிரமப்பட வேண்டும்?” என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. தட்டுவான், மூன்று முறை சொல்லியும் புரியாவிட்டால். ஆனால் வெயிலில் திரை தெரியாது, குளிரில் விரல் இறுகும். தட்டியதைப் படித்துக் காட்டும் செயலியின் குரல் ஓர் அமெரிக்க ஆடவருடையது. “அந்த ஆள் யாரென்று எனக்கே தெரியாது” என்பான். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சித்தி குடும்பம் அங் மோ கியோவில் பழைய புளோக் ஒன்றில் இருக்கிறது. தம்பி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஆறாம் மாடியில் இறங்கி, எட்டாம் மாடிவரை அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுவார் சித்தி. சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை, பாதி நாள் கீழே காத்திருந்து உதவ ஆள் இருக்காது. பழைய புளோக்குகளில் எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கச்செய்யும் மேம்பாட்டுத் திட்டம் 2001ல் தொடங்கியது. அவர்கள் புளோக்குக்கு அது வந்துசேர்ந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. முதல் நாள் அவன் தன்னந்தனியாக மேலும் கீழும் ஏழு தடவை போய்வந்தான் என்று சித்தி இன்றும் சொல்வார்.

பேருந்துகளும் மாறிவிட்டன. சக்கர நாற்காலி ஏறக்கூடிய பேருந்துகள் 2006ல் ஒன்றிரண்டாக வரத் தொடங்கின. 2020 முடிவதற்குள் எல்லாப் பொதுப் பேருந்துகளும் அப்படி ஆகிவிட்டன. ஓட்டுநர் இறங்கிவந்து நடுக்கதவில் சாய்தளத்தை விரித்துவிடுவார், இவன் ஏறிப் பின்பக்கமாகத் திரும்பி நிறுத்திக்கொள்வான். ஒன்றரை நிமிட வேலை. அந்த ஒன்றரை நிமிடத்தில் உள்ளே கேட்கும் பெருமூச்சுகளை எண்ணுவது அவன் பொழுதுபோக்கு. அதிகபட்சம் நான்கு என்றான், அதுவும் மழை நாளில்.

இரும்பும் சிமெண்டும் வேண்டிய இடத்தில் நம் ஊர் நிறையவே செய்திருக்கிறது. அதை இவனே என்னிடம் வாதாடுவான். எஞ்சியிருப்பது அளக்கக் கடினமான ஒன்று. தோராயமாக, எதிரில் இருப்பவர் பொறுத்திருக்கும் விநாடிகள்.

மருத்துவர் அறைக்குள் போனால், “அவருக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது?” என்று கேள்வி சித்தியிடம் போகும். வங்கியிலும் அப்படித்தான். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கேட்கவே வேண்டாம். “தம்பி சாப்பிட்டானா?” என்று அவன் தலைக்குமேல் பேச்சு நடக்கும். 26 வயது ஆளின் கன்னத்தைக் கிள்ளிப் பத்து வெள்ளி நோட்டைச் சட்டைப் பையில் திணிக்கும் பாட்டிமார் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். “பத்து வெள்ளியை நான் திருப்பிக் கொடுக்கிறதில்லை” என்பான். போன பிறவி, ஜாதகம், பரிகாரம் என்று தொடங்குகிறவர்களிடம் மட்டும் சித்தியே முந்திக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்.

இருபத்தாறு ஆண்டுகளாக சித்திதான் அவனுக்கு மொழிபெயர்ப்பாளர். அவன் பாதி சொன்னதும் மீதியைச் சொல்லிவிடுவார், சரியாகவும் இருக்கும். அது அன்பா இல்லையா என்று யாரும் சந்தேகப்பட முடியாது. சிக்கல் என்னவென்றால் சித்திக்கு இப்போது 59. தம்பியின் எடை 47 கிலோ, சித்தியின் எடை 52. ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது தூக்குகிறார். இரண்டு முழங்காலும் போய்விட்டன. வலது காலுக்கு அறுவை சிகிச்சை தேதி குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு அவர் எதையும் தூக்கக்கூடாது. பிறகும் பழையபடி முடியாது என்றுதான் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஆகவே, அவனை அறியாத ஒருவர் அவனைத் தூக்கப்போகிறார். மேலே சொல்லாமல் விட்ட காரணம் இதுதான். ஒருவர் உங்களைப் படுக்கையிலிருந்து தூக்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் கை கைபேசியில் இருக்காது. ‘இடது இடுப்பு வலிக்கிறது’, ‘காலை முதலில் மடக்குங்கள்’, ‘நிறுத்துங்கள்’. அந்த நேரத்தில் இருப்பது வாய் மட்டும். அது புரியாமல் போனால் இடுப்பு மூட்டு நழுவக்கூடிய உடல் அவனுடையது. பக்கத்தில் நின்று மீதியைச் சொல்ல சித்தி இருக்கமாட்டார்.

சனிக்கிழமைப் பயிற்சி தொடங்கியது இப்படித்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் சித்தி இல்லாமல், நான் இல்லாமல், தனியாக வெளியே போய், அவனைத் தெரியாத மூன்று பேரிடம் பேசி, வேண்டியதைப் பெற்று வரவேண்டும். யோசனை அவனுடையது. பேச்சுச் சிகிச்சையாளரிடம் சொல்லி, மூச்சை இரண்டு இரண்டு சொல்லாகப் பிரித்துப் பேசப் பழகிக்கொண்டான்.

முதல் சனிக்கிழமை காப்பிக்கடை. ‘கோப்பி’ முதல்முறை எடுபடவில்லை. இரண்டாம் முறை, கடைக்காரச் சீனமாது தேநீர் என்று நினைத்துத் தலையாட்டினார். இவன் இல்லை என்றான். மூன்றாம் முறை அவர் குனிந்து அவன் வாயையே பார்த்து, “கோப்பி?” என்றார். ஆமாம். “ஓ?” ஆமாம். “கோசோங்?” ஆமாம். “பெங்?” ஐஸ் பெட்டியைக் கண்ணால் காட்டினான். இரண்டு நிமிடம் ஆனது. வீடு திரும்பி எனக்கு அனுப்பிய குறுந்தகவலில் ஒரு கோப்பிப் படமும், ‘ரொம்பக் கசப்பு’ என்ற இரண்டு சொல்லும் இருந்தன.

அந்த மாது செய்ததைத்தான் எல்லாரிடமும் எதிர்பார்க்கிறேன் என்கிறான். அவர் வாக்கியத்தை முடித்துவைக்கவில்லை. புரிந்தவரை திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டு, அடுத்த சொல்லுக்குப் போனார். புரியாதபோது புரியவில்லை என்று முகத்தில் காட்டினார். அவனுக்கு மிகவும் எரிச்சல் தருவது புரிந்ததுபோல் சிரித்துத் தலையாட்டுவதுதான். அதற்கு “என்ன?” என்று பத்துத் தடவை கேட்பவர் மேல். குரலை உயர்த்திப் பேசுவதும் வேண்டாம், காது நன்றாகக் கேட்கிறது. சொல்லப்போனால் திடீர்ச் சத்தம் கேட்டால் அவன் உடம்பு துள்ளிவிடும். கடைத்தொகுதிக் கழிவறைகளில் கை உலர்த்தும் இயந்திரம் அவனுக்குப் பரம எதிரி.

கழிவறை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தனியாகப் போகும் நாளில் அவன் காலை எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. கழிவறையில் உதவ ஆள் வேண்டும், அந்நியரிடம் அதைக் கேட்க முடியாது. கோப்பியைக்கூடப் பாதிதான் குடித்துவிட்டு வருகிறான். இந்த வரியை எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க, உண்மைதானே” என்றான்.

பயிற்சியின் ஒரு பகுதியாக எங்கள் நிலையத்துக்கும் வந்தான். வாரயிறுதி நிகழ்ச்சியில் நேயர்கள் தங்கள் சனிக்கிழமையைப் பற்றி ஒரு நிமிடம் பேசும் அங்கம் ஒன்று இருக்கிறது. எங்கள் தொழிலில் அமைதி என்றால் பழுது என்று அர்த்தம். சில விநாடி சத்தமில்லாமல் போனாலே கட்டுப்பாட்டு அறையில் பதறுவார்கள். தம்பி பேசியது நான்கு வாக்கியம், ஒலிப்பதிவின் நீளம் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. இடைவெளிகளைத் தானாகவே வெட்டியெடுக்கும் வசதி எங்கள் மென்பொருளில் இருக்கிறது. தயாரிப்பாளர் வெட்டிப் பார்த்தார், ஐம்பத்தைந்து விநாடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டையும் தம்பிக்குப் போட்டுக் காட்டினோம். வெட்டியதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “யார் இவன், மூச்சே விடமாட்டானா?”

வெட்டவில்லை. ‘இவர் நிதானமாகப் பேசுவார், உங்கள் வானொலி பழுதாகவில்லை’ என்று முன்னால் ஒரு வரி சொல்லிவிட்டு முழுவதையும் ஒலிபரப்பினோம். ஊரே திரும்பிப் பார்த்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன். பாதி புரியவில்லை என்று ஒருவர் எழுதினார். வேறொருவர் படித்துச் சொல்லியிருக்கலாமே என்றார் மற்றொருவர். மீண்டும் போட முடியுமா, என் மகளும் இப்படித்தான் பேசுவாள், அவள் தூங்கிவிட்டாள் என்று ஒரு தாய் கேட்டார். மறுவாரம் போட்டோம். இரண்டாம் முறை கேட்டபோது நன்றாகவே புரிந்தது என்று அந்த முதலாமவரே எழுதியிருந்தார். தம்பிக்கு அந்தக் கடிதம்தான் பிடித்தது.

இந்த நிலையில் உள்ளவர்களைப் பற்றி நாம் கேட்கும் கதைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பதக்கக் கதை. 2008ல் பெய்ஜிங்கில் நடந்த உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்த குதிரையேற்ற வீராங்கனை லாரன்ஷியா டான் பெருமூளை வாதம் உள்ளவர், காதும் கேளாதவர். பெருமைப்பட வேண்டிய சாதனை. அதற்காக எல்லாரும் குதிரை ஏற வேண்டுமா என்று தம்பி கேட்பான். மற்றது தியாகக் கதை. இயக்குநர் ராமின் ‘பேரன்பு’ படத்தைக் குடும்பமாகப் பார்த்தோம். அந்தப் பெண்ணாக நடித்த சாதனா அசத்தியிருந்தார், எங்கள் வீட்டில் எல்லாரும் அழுதோம். தம்பி அழவில்லை. நல்ல படம், ஆனால் அது அப்பாவைப் பற்றிய படம் என்றான். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று அவளையே கேட்டு ஒரு படம் வந்தால் முதல் நாளே டிக்கெட் எடுப்பானாம். எனக்கு அந்தப் படத்தின்மேல் இருக்கும் மதிப்பு குறையவில்லை, ஆனால் அவன் சொன்னது காதில் நிற்கிறது.

வீட்டுப் பராமரிப்பு ஊழியர் முதல்முறையாகப் போன மாதம் வந்தார். பிலிப்பீன்ஸ்காரர், நாற்பது வயது இருக்கும், பேசுவது ஆங்கிலம். பெரியவர்களைப் பார்த்துக்கொண்ட அனுபவம் நிறைய இருக்கிறது, தம்பியைப்போல் ஒருவரை இதுவரை தூக்கியதில்லை. ஒப்பந்தம் என்னவென்றால், சித்தி படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார், கூப்பிட்டாலொழிய வரமாட்டார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் அதே சட்டம்.

முதலில் தம்பி கற்றுக்கொடுத்தது ‘ஸ்டாப்’. அவன் வாயில் அது ‘தாப்’ என்று வரும். பத்துத் தடவை சொல்லி, அவர் பத்துத் தடவையும் கையை எடுத்தபிறகுதான் அடுத்ததற்குப் போனான். வலது கால், இடது கால், தோளுக்குக் கீழே கை. நடுவில் ஒருமுறை நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் சித்தி எழுந்து நின்றது காலடியில் தெரிந்தது. பிறகு அந்த மாதின் குரல், “இடுப்பா? இடது பக்கமா?” என்று கேட்டது. அவன் ஏதோ சொன்னான். கட்டில் கிறீச்சிட்டது. சித்தி மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு சித்தி நான்கு நிமிடத்தில் மாற்றுவார். அன்று நாற்பது நிமிடம் ஆனது. நாற்காலியில் வெளியே வந்தபோது தம்பியின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, அந்த மாதுக்கும் அப்படியே. இருவரும் ஆளுக்கு ஒரு கோப்பி குடித்தார்கள். போன வியாழக்கிழமை, நான்காம் முறை வந்தபோது இருபத்திரண்டு நிமிடம். அறுவை சிகிச்சைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.